வளைவுக்கு முன்பே பிரேக்

கேள்வி: ஐயா, நான் மலைச் சைக்கிளில் தினமும் மணிமுத்தாறு வரை போய் வருகிறவன். ஆகஸ்டில் கனடாவில் உள்ள அண்ணன் வீட்டுக்குச் செல்கிறேன். காட்டுக்குள் நீலச் சதுரக் குறியிட்ட இறக்கத் தடத்துக்கு அழைத்துப் போவதாக அண்ணன் சொல்கிறார். என்னால் முடியுமா? அதற்கு முன் மாஞ்சோலைச் சாலையில் பழகிக்கொள்ளலாமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மாஞ்சோலை வேண்டாம். அந்தச் சாலை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக 1988-இல் உருவான களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குள் ஏறுகிறது. வனத்துறையின் அனுமதியின்றி சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது என்பது ஒருபுறமிருக்க, யானை நிற்கக்கூடிய வளைவில் சத்தமின்றி விரைந்து இறங்கும் சைக்கிள் யானைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. உங்கள் ஊர்க் குளத்துக்கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் மண்பாதையே பழகுவதற்குப் போதும்.

நீலச் சதுரம் என்பது வட அமெரிக்காவில் இடைநிலைத் தடத்துக்கான குறி. அங்கே பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதலின்படி, அத்தகைய தடம் குறைந்தது 24 அங்குல அகலமும், சராசரியாக நூறு அடிக்குப் பத்து அடிக்கு மிகாத சரிவும் கொண்டிருக்கும். விலக முடியாதபடி குறுக்கே கிடக்கும் கல்லோ வேரோ 8 அங்குல உயரத்துக்குள் இருக்கும். தினமும் ஓட்டுகிற உங்களால் நிச்சயம் முடியும், பிரேக் பிடிக்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டால்.

தார்ச்சாலையில் ஓட்டியவர்கள் வளைவுக்குள் புகுந்த பிறகு பயந்து பிரேக்கை அழுத்துகிறார்கள். டயருக்கு மண்ணில் உள்ள பிடிப்பு ஓர் அளவுதான். திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதையே பங்கிட வேண்டும் என்பதால், சாய்ந்த நிலையில் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். கடையம் பக்கத்துக் குளத்துக்கரை ஒன்றில், சரளை சிதறிக் கிடந்த திருப்பத்தில் நான் அப்படித்தான் விழுந்தேன். முழங்கையில் புதைந்த கற்பொடியை என் தாயார் ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஆகவே நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால் சீராக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் விட்டுவிடுங்கள். ஈர வேர்களைக் கடக்கும்போதும் அப்படியே: பிரேக்கைத் தொடாமல், வேருக்குக் குறுக்காக, நேராகக் கடக்க வேண்டும்.

சீட்டைத் தாழ்த்தி, பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நின்று, குதிகாலைச் சற்றுக் கீழே அழுத்தி, முழங்கையையும் முழங்காலையும் தளர்வாக மடக்கிக்கொண்டு இறங்குங்கள். பார்வை முன்சக்கரத்தில் அல்ல, அடுத்த வளைவில் இருக்கட்டும். ஹெல்மெட், முழங்கால் காப்பு, கையுறை ஆகியவற்றை அண்ணன் அங்கேயே ஏற்பாடு செய்துவிடுவார்.

பலரும் சொல்ல மறக்கும் ஒன்று உண்டு. நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. வட அமெரிக்காவிலோ இடக்கைப் பிரேக்கே முன்சக்கரத்துக்கு. இங்கே பின்பிரேக் என்று பழகிய இடக்கை, அங்கே பதற்றத்தில் முன்சக்கரத்தை இறுக்கிவிடும். முதல் நாள், தடத்துக்குப் போகும் முன், சமதளத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு கையையும் தனித்தனியாக அழுத்தி, எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் அங்கேயே மெதுவாக ஓட்டி, கைகள் அதை மனத்தில் ஏற்றிக்கொண்ட பின் இறங்குங்கள்.