ஜிப்சியின் டிரான்ஸ்பர் கேஸ்: மாற்றுவதற்கு முன்

வணக்கம். உங்கள் 1998 மாருதி ஜிப்சி கிங்கில் நான்கு சக்கர லோ கியர் தானாகக் கழன்றுகொள்வதாகவும், ஓடும்போது அடியில் ஓர் இரைச்சல் கேட்பதாகவும், திருவொற்றியூர் மெக்கானிக், கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியான டிரான்ஸ்பர் கேஸையே மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

இவ்வண்டியில் அப்பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல், ஒரு குட்டை ஷாஃப்ட் வழியே சுழற்சியைப் பெற்று, ரப்பர் மவுண்டுகளில் சேஸியில் தனியாகத் தொங்குகிறது. மவுண்ட் கிழிந்தாலே பெட்டி அசைந்து கியர் கழலக்கூடும் என்பதால், முதலில் அதைப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. பிறகு, வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்பர் லீவரை நியூட்ரலில் வைத்து, கியர் போட்டு கிளட்சை விடுங்கள். அப்போதும் இரைச்சல் வந்தால் கோளாறு கியர்பாக்ஸிலோ, குட்டை ஷாஃப்டிலோ, பெட்டியின் உள்வரும் பக்கத்திலோ இருக்கும். ஓடும்போது மட்டும் வந்தால் வெளிச்செல்லும் பக்க பேரிங்கையும் அதற்கு அப்பாலுள்ளவற்றையும் சந்தேகிக்கலாம்.

மாற்றியே தீரவேண்டுமென்றால், புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பெட்டி தேடுகையில் 970 சிசி ஜிப்சியினுடையதை வாங்கிவிடாதீர்கள். வெளித்தோற்றம் ஏமாற்றும், பல் விகிதம் வேறு. ஷாஃப்ட் பொருந்தும் வட்டத் தகடான ஃபிளாஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மின்னுகிறதா என்றும் கவனியுங்கள்.

கடற்காற்றில் நின்ற வண்டி என்பதால் போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். ஷாஃப்டுகளைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சுகளில் பொருத்தக் குறி இடுங்கள். ஸ்பீடாமீட்டர் கேபிளும் இப்பெட்டியிலிருந்தே செல்கிறது, இழுத்து அறுத்துவிடாதீர்கள்.