மூக்குப்பொடி மாதிரி விதைக்கு மண் போர்வை எதற்கு?

குன்னூர்ப் பக்கம் இருபது வருஷமாக நர்சரி வைத்திருக்கிறேன். பூச்செடி விதை முளைக்காத கதைகளைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்து குவிந்துவிட்டது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, டிசம்பரில் ரோடோடென்ட்ரான் விதை போட்டேன். ஒன்றரை மாசம் ஆச்சு, ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. விதை பழசா? (ஊட்டி)

விதை மேல் பழி போடுவதற்கு முன்னால் சொல்லுங்க தம்பி, எவ்வளவு ஆழத்தில் போட்டீங்க? அந்த விதையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பாருங்க, மூக்குப்பொடி மாதிரி இருக்கும், தும்மினால் போச்சு. அதற்குள் கையிருப்புச் சாப்பாடு எவ்வளவு இருந்துவிடும்? ஒரு விரற்கடை மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர அதற்குத் தெம்பு கிடையாது, அதனால் வெளிச்சம் பட்டால்தான் வாய் திறக்கும். மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்குக் கீழே வெளிச்சமே போகாது. முதல் வருஷம் நானும் அரை அங்குலம் இலைமக்கு போட்டு மூடிவிட்டு, விதை கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தவள்தான்.

சலித்த இலைமக்கும் மணலும் கலந்து ஈரமாக்கி, மேலே தூவி, லேசாக அழுத்தி விடுங்க, அவ்வளவுதான். பூவாளி வேண்டாம், தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் அடியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம், டிசம்பரில் உங்கள் ஊரில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது எந்த விதைக்கு எழுந்திருக்க மனசு வரும்? வீட்டுக்குள் 18-20 டிகிரி இருக்கிற ஜன்னலோரம் வையுங்க.

வெளிச்சம் வேணும்னு சொன்னதால் கண்ணாடி மூடி வெயிலில் வைத்தேன். வந்த முளையும் வதங்கிவிட்டது.

வெளிச்சம் வேறு, வெயில் வேறு. மலை வெயிலில் மூடிய டப்பா அடுப்பாகிவிடும். நேர்வெயில் படாத இடத்தில் வைத்து, தினம் ஒருமுறை மூடியைத் திறந்து விடுங்க. இல்லாவிட்டால் நாற்று அடியில் அழுகிச் சாய்கிற நாற்றழுகல் நோய் வரும்.

சில்வர் ஓக் நிழலில் தூவிய பூ விதை முளைக்கவில்லை, ஆனால் மரத்தை வெட்டிய இடத்தில் என்னென்னவோ முளைக்கிறது. இது என்ன கூத்து? (கொடைக்கானல்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. விதைக்குள் ஃபைட்டோக்ரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் 'கிளம்பு' என்று சொல்லும், அதற்கும் அப்பாலிருக்கிற, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு பட்டால் 'பொறு' என்று சொல்லும். பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகிறது, ஆக விதைக்குத் தலைக்கு மேல் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் விஞ்ஞானிகள் லெட்டூஸ் விதை மேல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் பார்த்தார்கள், கடைசியாக எது பட்டதோ அதன் பேச்சைத்தான் விதை கேட்டது. மரம் போனதும் சிவப்பு ஒளி வருகிறது, மண்ணும் பகலில் சூடாகி ராத்திரி குளிர்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தையே பல சின்ன விதைகள் 'இடம் காலி' என்று எடுத்துக்கொள்ளும்.

ரோஜாக் காய் விதைக்கு ஃபிரிட்ஜ் வேணுமாமே, கோத்தகிரிக் குளிர் போதாதா?

போதாதும்மா. நம் ஊரில் ராத்திரி நடுங்க வைத்தாலும் பகலில் வெயில் அடித்துவிடும். ரோஜாவுக்கு வேண்டியது விடாத குளிர். ஈர மணலில் கலந்து பாலித்தீன் பையில் போட்டு, 4 டிகிரி மாதிரி காய்கறித் தட்டில் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வையுங்க. ஃப்ரீசரில் வேண்டாம். பைக்கு வெளியே தேதி எழுதுங்க, என் வீட்டில் ஒருமுறை அதைக் கடுகு என்று நினைத்து எடுத்துவிட்டார்கள்.

மஞ்சள் பூ முள்செடியை வெட்டி அங்கேயே எரித்தேன். அடுத்த மழைக்கு நூறாக வந்திருக்கு!

கோர்ஸ்தானே? அதன் விதைத்தோல் கல் மாதிரி, தண்ணீர் உள்ளே போகாது. நெருப்புச் சூட்டில் தோல் விரிசல் விட்டுவிடும். நீங்களே கதவைத் திறந்து விட்டிருக்கீங்க. மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும், அதனால் ஈர மண்ணில் குட்டியாக இருக்கும்போதே வருஷா வருஷம் பிடுங்குவதுதான் வழி.

நீலக்குறிஞ்சி விதை கிடைக்குமா?

2018இல் பூத்தது, அடுத்து 2030. காட்டில் கைவைக்காதீங்க.

ஹைட்ரேஞ்சாவும் கமெலியாவும்?

ஹைட்ரேஞ்சா விதையும் பொடிதான், மூடக்கூடாது. ஆனால் குச்சி நட்டாலே வருகிறபோது எதற்கு இந்தப் பாடு? கமெலியா நேர்மாறு, கொட்டை பெரிசு, இருட்டு அதற்குப் பிரச்சினையே இல்லை. காய்ந்து போவதற்குள் ஒருநாள் ஊறவைத்து ஒரு விரற்கடை ஆழத்தில் போடுங்க. ரெண்டு மாசம் ஆகலாம், அதுவரை நோண்டிப் பார்க்காதீங்க.