தெளிந்த கிணற்றுத் தண்ணீரிலும் ஜியார்டியா இருக்குமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறோம். 6 வயது மகனுக்கு மாரி மழைக்குப் பிறகு மூன்று கிழமையாக வயிற்றோட்டம், நாற்றமான ஏவறை. மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக் கிருமி என்றார்கள். மருந்தோடு நின்றது, இப்போது திரும்பவும் தொடங்கிவிட்டது. கிணற்றுக்குக் குளோரின் போடுகிறோம், தண்ணீரும் கண்ணாடி போலத்தான் இருக்கிறது. இன்னும் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, தண்ணீரின் தெளிவை நம்பாதீர்கள். ஜியார்டியாவின் கூடு, அதாவது உடலுக்கு வெளியே அது உயிரோடு தங்குகிற ஓடு மூடிய வடிவம், ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது, பத்துக் கூடுகள் வயிற்றுக்குள் போனாலே வருத்தம் வரலாம். எங்கள் ஊர் நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதில் வெடிப்பும் துவாரமும் நிறைய என்பதால் மலக்குழித் தண்ணீர் மண்ணில் வடிபடாமலே கிணற்றுக்கு வந்துவிடும், மாரியில் நீர்மட்டம் ஏறும்போது இன்னும் சுலபமாக வரும். உங்கள் குழியை மட்டுமல்ல, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழியையும் பாருங்கள்.

குளோரினை நிறுத்த வேண்டாம், பக்டீரியாவுக்கு அது நல்லது. ஆனால் ஜியார்டியாவின் கூடு அதற்கு லேசில் சாகாது, கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி வழக்கமான அளவுக் குளோரினுக்கு அசையவே அசையாது. கொதிக்க வைப்பதுதான் வழி. ஆவி வந்ததும் இறக்கிவிடாமல், குமிழி பொங்கிக் கொதித்து ஒரு நிமிடம் போகட்டும். அதே பாத்திரத்தில் மூடி ஆற விடுங்கள். அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றினால் செய்த வேலை முழுக்க வீண், இதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

குடிக்கிற தண்ணீரோடு விஷயம் முடியாது. பல் துலக்குவது, சம்பலுக்கு வல்லாரை கழுவுவது, ஐஸ் போடுவது எல்லாவற்றுக்கும் கொதித்தாறிய தண்ணீரே வேண்டும். குளிக்கும்போது வாயில் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்கிற பழக்கம் மகனுக்கு இருந்தால் அதையும் மறிக்க வேண்டும். மலசலகூடம் போய் வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், வீட்டில் எல்லோரும்தான், ஏனென்றால் வருத்தம் இல்லாமலே கூடுகளை வெளியேற்றிக்கொண்டிருக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

சரி, இப்போது திரும்ப வந்திருப்பது கிருமிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜியார்டியா வந்து போன குடலுக்குக் கொஞ்சக் காலம் பால் செமிக்காது, அதனாலும் வயிற்றாலை போகும். மலத்தை வெவ்வேறு நாட்களில் மூன்று தரம் சோதியுங்கள், ஏனென்றால் கூடுகள் ஒவ்வொரு நாளும் வெளிவருவதில்லை. அதுவரை பழைய மருந்தின் மிச்சத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ஒற்றைப் பூச்சிக் குளிசையையும் இதற்கு நம்பியிருக்க வேண்டாம். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புக் கரைசல்) கொடுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்து பிள்ளை சோர்ந்தாலோ பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.