1420ல ஸ்பைக் வருது, யார்கிட்ட புகார் சொல்றது?

கோயமுத்தூர்ல இருந்து ஒரு இன்ஜினியரிங் மாணவர் கேட்டிருக்கார்: மொட்டை மாடில டிஷ் வச்சு எஸ்டிஆர் டாங்கிள்ல (கம்ப்யூட்டர்ல மாட்டுற குட்டி ரேடியோ ரிசீவர்) ஹைட்ரஜன் கோடு (விண்வெளில இருக்குற ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸ்ல விடுற ரேடியோ சிக்னல்) புடிக்கப் பாக்குறேன், 1420.2 மெகாஹெர்ட்ஸ்ல ஊசி மாதிரி ஒரு ஸ்பைக் நிக்குது, இது ரேடியோ வானியலுக்கு ஒதுக்குன பேண்ட்தானே, யாரு டிரான்ஸ்மிட் பண்றாங்க, யார்கிட்ட புகார் சொல்லணும்?

புகாரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல உங்க மாடியிலயே தேடுங்க.

ஒதுக்கீடுன்னா எல்லா பேண்டுக்கும் ஒரே பாதுகாப்பு கிடையாது. 1400–1427 மெகாஹெர்ட்ஸ்தான் ரொம்ப கறாரானது. 1951ல ஹார்வர்டுல யூவனும் பர்செலும் 1420.4ல ஹைட்ரஜனைப் புடிச்சாங்க, 1959 ஜெனீவா மாநாட்டுல இந்த பேண்ட் வானியலுக்குன்னு ஆச்சு, இப்ப ஐடியு (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) விதிகள்ல 5.340ங்கிற அடிக்குறிப்பு இங்க யாருமே எந்த சிக்னலும் விடக்கூடாதுன்னு சொல்லுது. ஆனா நம்ம ஊட்டி முத்தோரை டெலஸ்கோப் வேலை செய்யுற 326.5ஐ எடுத்துக்குங்க, அது 322–328.6 பேண்டுக்குள்ள வருது, வானியலுக்கு முதன்மை உரிமை இருக்கு, ஆனா ஃபிக்ஸட், மொபைல் சேவைகளுக்கும் அதே உரிமை இருக்கு, அதனால அங்க சமாளிச்சு வாழணும். மூணாவது ரகம் 1330–1400 மாதிரி, தூரத்து கேலக்ஸி ஹைட்ரஜன் சிவப்பு நகர்வுல (கேலக்ஸி விலகிப் போறதால ஃப்ரீக்வென்சி குறையுறது) கீழ இறங்கி இங்க வந்து விழும், ஆனா அது ராடாருங்களோட இடம், 5.149 அடிக்குறிப்பு "முடிஞ்ச அளவு பாதுகாத்துக் குடுங்க"ன்னு நாடுகளைக் கேட்டுக்குது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இந்த ஒதுக்கீடு எல்லாம் வேணும்னே டிரான்ஸ்மிட் பண்றவங்களுக்குத்தான். எலக்ட்ரானிக்ஸ்ல இருந்து தானா கசியுறதை இந்த டேபிள் தடுக்காது. 2023ல ஐரோப்பாவோட லோஃபார் டெலஸ்கோப் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுங்களோட உள் சர்க்யூட்ல இருந்து 110–188 மெகாஹெர்ட்ஸ்ல கசிவு வருதுன்னு காட்டுச்சு, வானியலுக்கு ஒதுக்குன 150.05–153 அதுக்குள்ளதான் இருக்கு. வானத்துல போற சாட்டிலைட்டே இப்படின்னா உங்க டிஷ்ஷுக்கு ரெண்டடி தள்ளி இருக்குற லேப்டாப்பைப் பத்தி யோசிச்சுப் பாருங்க.

சரி, தேடுறது எப்படி? ட்யூன் பண்ற சென்டரை அரை மெகாஹெர்ட்ஸ் நகத்துங்க. ஸ்பைக்கும் கூடவே நகந்தா அது டாங்கிளோட சொந்த சரக்கு, வெளில ஒண்ணும் இல்ல. நகரலன்னா ஆண்டெனாவைக் கழட்டிட்டு எல்என்ஏ (ஆண்டெனா சிக்னலைப் பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர்) வாயில ஆண்டெனாவுக்குப் பதிலா 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் எதுவும் உள்ள வராம அடைக்குற மூடி) மாட்டுங்க, அப்பவும் ஸ்பைக் நின்னுச்சுன்னா யுஎஸ்பி கேபிள், லேப்டாப் சார்ஜர், எல்என்ஏக்குப் போற பவர் சப்ளை இதுல ஒண்ணா இருக்கலாம், லேப்டாப்பை பேட்டரில ஓட்டிப் பாருங்க, கேபிள்ல ஃபெரைட் (இரைச்சலை அடக்குற காந்த வளையம்) போடுங்க. ஆண்டெனா மாட்டுனா மட்டும் வருதுன்னா வீட்டு மெயினை ஆஃப் பண்ணிப் பாருங்க, எல்ஈடி பல்பு, இன்வெர்ட்டர், சிசிடிவி எல்லாம் சந்தேக லிஸ்ட்லதான். பக்கத்துல செல்போன் டவர் இருந்தா எல்என்ஏக்கு முன்னாடி 10 டிபி அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்குற துண்டு) போடுங்க, நிஜ சிக்னல்னா அதுவும் 10தான் இறங்கும், 20, 30ன்னு விழுந்தா எல்என்ஏ ஓவர்லோட் ஆகுது, 1420க்குன்னே ஃபில்டரோட வர்ற எல்என்ஏ வாங்குறது நல்லது.

அது ஹைட்ரஜனா இருக்குமோன்னும் ஒரு நப்பாசை வரும். இருக்காது. வாயு நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துல போனா கோடு 4.7 கிலோஹெர்ட்ஸ் நகரும், பால்வீதில பல வேகத்துல ஓடுற வாயு ஒண்ணா சேர்றதால நூத்துக்கணக்கான கிலோஹெர்ட்ஸுக்கு அகலமா மேடு மாதிரிதான் தெரியும், அதுவும் டிஷ்ஷை அசைக்காம வச்சா தினமும் 4 நிமிஷம் முன்னாடியே வரும். கடிகாரத்தை ஒட்டி ஒரே நேரத்துல வந்தா அது மனுஷன் வேலை.

இத்தனையும் பண்ணி, டிஷ்ஷைத் திருப்புனா ஒரு திசைல மட்டும் ஏறுதுன்னு தெரிஞ்சா அப்ப அது புகாருக்குரிய விஷயம். ஸ்பெக்ட்ரத்தை நிர்வகிக்கிறது தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூபிசி (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவு, கண்காணிக்கிறது வயர்லெஸ் மானிட்டரிங் ஆர்கனைசேஷன். ஃப்ரீக்வென்சி, தேதி, நேரம், திசை, ஸ்க்ரீன்ஷாட், மேல சொன்ன டெஸ்ட்டோட ரிசல்ட், எல்லாத்தையும் சேர்த்து எழுதுங்க.