முதலில் எடை மேடை, அப்புறம் ஸ்பிரிங்

கேள்வி: மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வைத்திருக்கிறேன். முன்னால் இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), மேலே கூரைக் கூடாரம், பின்னால் குட்டி ஃபிரிட்ஜ், தண்ணீர், பெட்ரோல் கேன், டூல்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு மனைவி, மகனோடு இமாச்சலின் ஸ்பிதி மலைப்பகுதிக்குப் போக ஆசை. இந்த எடைக்கு வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போதுமா, 3 அங்குலமே போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

அங்குலத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கிலோவைப் பார்ப்போம். உங்கள் வண்டியின் காலி எடை 1,200 கிலோவை ஒட்டி வரும். மொத்த எடை வரம்பு 1,545 கிலோ. ஆட்களையும் சேர்த்து ஏற்றக்கூடியது சுமார் 340 கிலோதான். உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். பம்பரும் வின்ச்சும் 80, கூடாரம் 55, ஃபிரிட்ஜும் உணவும் 35, தண்ணீர், பெட்ரோல், டூல்ஸ் தலா 20, நீங்கள் மூவரும் 160. மொத்தம் 390 வருகிறது.

தடித்த ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். 1,545 என்ற வரம்பு அப்படியே இருக்கும். பிரேக், ஆக்சில், வீல் பேரிங் எல்லாம் பழையவைதானே. ஸ்பிதி வழியிலுள்ள குன்சும் கணவாயில் இறங்கும்போது அந்தக் கூடுதல் 50 கிலோவையும் அதே பிரேக்தான் பிடித்தாக வேண்டும்.

அதனால் பம்பரையும் வின்ச்சையும் விட்டுவிடுங்கள் என்பேன். அந்த 80 கிலோ முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குகிறது. ஆக்சிலிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், 2,590 மி.மீ. வீல்பேஸில் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) முன் ஆக்சில் மேல் ஏறுவது 80 அல்ல, ஏறக்குறைய 98 கிலோ. பின் ஆக்சில் 18 கிலோ இலேசாகிவிடும். இரும்பு பம்பருக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. வண்டியில் இப்படி மாட்டும் கம்பிக் காப்புகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. துணைக்கு இன்னொரு வண்டியும், நல்ல இழுவைக் கயிறும் இருந்தால் வின்ச் இல்லாத குறை பெரும்பாலும் தெரியாது. கூரைக் கூடாரத்துக்குப் பதில் தரையில் அடிக்கும் 10 கிலோ கூடாரம் போதும். இப்போது கணக்கு 265க்கு இறங்கிவிட்டது.

இனி ஸ்பிரிங். கடையில் 'லிஃப்ட் ஸ்பிரிங்' என்று ஒரே பெயரில் மூன்று விதம் இருக்கும்: காலி வண்டிக்கு அல்லது இலேசான எடைக்கு, நடுத்தர எடைக்கு, எப்போதும் பாரத்தோடு ஓடுவதற்கு. வித்தியாசம் உயரத்தில் மட்டுமல்ல, விறைப்பிலும்தான். ஒரு ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 3 கிலோ வேண்டும் என்றால், ஜோடிக்கு 6 கிலோ. பின்னால் 120 கிலோ வைத்தால் 20 மி.மீ. இறங்கும். அதே எடைக்கு விறைப்பான ஸ்பிரிங் 14, 15 மி.மீ. இறங்கும். ஆனால் சாமானை இறக்கி வைத்த அன்று அது கல்லு மாதிரி குதிக்கும்.

என்னிடம் வந்த ஒரு ஜிம்னியில் இதைத்தான் பார்த்தேன். வேறு இடத்தில் ஒருவர் அதிகபட்ச பாரத்துக்கான ஸ்பிரிங்கை நான்கு சக்கரத்துக்கும் மாட்டியிருந்தார். வண்டியோ தினமும் அலுவலகத்துக்குக் காலியாகப் போகிறது. மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு 'டக்' என்று அடித்தது. எட்டாயிரம் கிலோமீட்டரில் இரண்டு பின் ஷாக்கிலும் ஆயில் கசிந்து தண்டு நனைந்திருந்தது. பணம் கொடுத்து வாங்கிய வலி அது.

உங்கள் பாரம் பயணத்துக்கு மட்டும் வருவது. எனவே முன்னும் பின்னும் இலேசான எடைக்கான ஸ்பிரிங், உயரம் 40 மி.மீ. அளவில் போதும். பின் ஸ்பிரிங்குக்குள் பொருந்தும் ஏர்பேக் (காற்றடைத்துப் பாரம் தாங்கும் பை) ஒரு ஜோடி போடுங்கள். பாரம் ஏற்றிய பிறகு, வண்டி சமமாக நிற்கும்வரை காற்று. காலியாக ஓட்டும்போதும் 5 பி.எஸ்.ஐ. வைத்திருங்கள், இல்லாவிட்டால் பை மடிந்து கிழியும். ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் மலிவுதான். அது வண்டியைத் தூக்குமே தவிரப் பாரத்தை ஒரு கிலோகூடத் தாங்காது.

வாங்கும் முன் ஒரு வேலை. பயணத்துக்குக் கிளம்புவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றி, நீங்கள் மூவரும் உட்கார்ந்து, ஒரு எடை மேடைக்குப் போங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின் ஆக்சில் எடை. அப்புறம் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் விற்பவரிடம் இந்த எண்களைக் கொடுங்கள். இவற்றைக் கேட்காமலே கிட்டை எடுத்து மேஜையில் வைப்பவரிடம் வாங்காதீர்கள்.

3 அங்குலம் வேண்டாம். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சில் தண்டு. ஸ்பிரிங்கால் எவ்வளவு தூக்கினாலும் டிஃபரன்ஷியலுக்கும் (ஆக்சிலில் தாழ்ந்து நிற்கும் பல்சக்கரப் பெட்டி) கல்லுக்கும் உள்ள இடைவெளி மாறாது. அதை மாற்றுவது டயர் மட்டும்தான். 195/80 ஆர்15க்குப் பதில் 215/75 போட்டால்கூடக் கிடைப்பது 5 மி.மீ.தான். தூக்கத் தூக்க முன் ஆக்சிலின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் அலையும். ஆக்சிலை வண்டியோடு குறுக்காக இணைக்கும் பக்கவாட்டுத் தடி அதை ஒரு பக்கமாக இழுக்கும். 40 மி.மீ.க்கே அலைன்மென்ட் பார்த்து, தேவையென்றால் காஸ்டர் புஷ்ஷும் நீளம் மாற்றக்கூடிய பக்கவாட்டுத் தடியும் போட வேண்டும். 75 மி.மீ. என்றால் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் என்று செலவு தொடர்ந்துகொண்டே போகும்.

ஷாக்கைப் புது ஸ்பிரிங்கோடு ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய ஷாக் நீளமும் போதாது, பிடிப்பும் போதாது. மாட்டும்போது மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் புஷ் திருகியபடியே நின்று சில மாதத்தில் பிளந்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி முறுக்கி, ஹெட்லைட் வெளிச்சம் விழும் கோணத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.