சம்பளம் 62,000, கேட்டது 38 லட்சம்: வங்கி ஏன் மறுத்தது?

கேள்வி: எனக்கு 36 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை, பிடித்தம் போக 62,000 ரூபாய் கையில் வருகிறது. கணபதியில் 48 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்து ஒரு லட்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். இன்னும் 9 லட்சம் கையில் இருக்கிறது. மீதி 38 லட்சத்துக்கு 20 வருட வீட்டுக் கடன் கேட்டேன். சிபில் ஸ்கோர் 771, ஒரு தவணைகூட தவறியதில்லை. ஆனாலும் திருப்பிச் செலுத்தும் திறன் போதாது என்று மறுத்துவிட்டார்கள். இப்போது பர்சனல் லோனுக்கு 9,500 (இன்னும் 22 மாதம்), பைக்குக்கு 3,800 (8 மாதம்), கார்டில் வாங்கிய ஃபிரிட்ஜுக்கு 4,000 (5 மாதம்) கட்டுகிறேன். பத்திரச் செலவுக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். ஏஜென்ட் ஒருவர் வேறு நிறுவனத்தில் 11.5 சதவீதத்துக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிபில் 771 என்பது இதுவரை வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்கிறது, அவ்வளவுதான். புதிதாக ஒன்றைக் கட்ட சம்பளத்தில் இடம் இருக்கிறதா என்பதை வங்கி தனியாகப் பார்க்கும். உங்கள் சம்பளத்துக்கு எல்லா இஎம்ஐயும் சேர்த்துப் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான வங்கிகளின் கணக்கு (வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும்). பாதி என்றால் 31,000. அதில் 17,300 ஏற்கெனவே போகிறது. மிச்சம் 13,700. வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் 20 வருடத்துக்கு லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய் தவணை, ஆக 13,700-க்கு 16 லட்சத்துக்கும் குறைவாகத்தான் கடன் தேறும். நீங்கள் கேட்டது 38. அதற்குத் தவணை ஏறக்குறைய 33,000, பழைய கடன்களோடு 50,300. மீதி 11,700-இல் அரிசி, பால், பெட்ரோல், ஃபிளாட் மெயின்டனன்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் நடக்க வேண்டும். வங்கிக்காரர் மறுத்தது கோபத்தில் இல்லை, இதைப் பார்த்துத்தான்.

ஏஜென்ட் சொல்வதையும் இதே பேப்பரில் போடுங்கள். 11.5 சதவீதத்தில் 38 லட்சத்துக்கு மாதம் 40,500. பழையவற்றையும் சேர்த்தால் 57,800. கையில் நிற்பது சுமார் 4,200 ரூபாய், அதிலும் நகைக்கடன் வட்டி கட்ட வேண்டும்! இந்தக் கணக்குக்குக் கடன் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், சம்பளத்தைக் கூட்டிக் காட்டப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம். பே ஸ்லிப்பைத் திருத்துகிற வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஃபார்ம் 16 (நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்று), பேங்க் ஸ்டேட்மென்ட் எதனோடு ஒத்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும், கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டுடையது இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பலர் கவனிக்காத விஷயம் இங்கே ஒன்று இருக்கிறது. வங்கி பாக்கித் தொகையைவிட மாதத் தவணையைத்தான் பார்க்கிறது. பைக் கடனில் பாக்கி 30,000 கூட இருக்காது, ஆனால் அந்த 3,800 தவணை உங்கள் வீட்டுக் கடனில் 4 லட்சத்துக்கு மேல் தின்கிறது. பர்சனல் லோன் பாக்கி சுமார் 1.8 லட்சம் இருக்கும், அது தின்பது 11 லட்சம். மூன்றையும் அடைக்க 2.3 லட்சம் போல ஆகும், முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் தனி. அடைத்துவிட்டால் அதே வங்கியில் அதே சம்பளத்துக்கு 35 லட்சத்துக்கு மேல் தேறும். ஓய்வு வயது 60 வரை, அதாவது 24 வருடத்துக்கு இழுத்தால் 38 லட்சமே தேறும்.

ஆனாலும் இந்த ஃபிளாட் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு, அந்த மதிப்பில் பத்திரச் செலவு சேராது. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், 48 லட்சத்துக்கு 4.3 லட்சம். உரிமையாளருக்கு இன்னும் 9 லட்சம் தர வேண்டும். ஆக 13.3 லட்சம் வேண்டும், கடன்களை அடைத்த பிறகு உங்களிடம் இருப்பது 6.7. நகையை வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினால், இப்போது அடைத்த கடன் வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

அதனால் 40 லட்சம் சுற்றில் பாருங்கள். கடன் 32 லட்சம், தவணை 27,800. உங்கள் பங்கு, பத்திரச் செலவோடு 11.6 லட்சம். அட்வான்ஸ் திரும்பி வந்தால் 7.7 கையில் இருக்கும், மிச்சமாகும் 17,300-ஐ மாதாமாதம் ஒதுக்கினால் இரண்டு வருடத்துக்குள் எட்டிவிடலாம். அதற்குள் விலை ஏறிவிடுமே என்பீர்கள். ஏறலாம், சம்பளமும் ஏறும். மனைவிக்கு வருமானம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம், கணக்கே மாறிவிடும். தையல், டியூஷன் போல ரொக்க வருமானம் என்றால் இந்த வருடமே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யத் தொடங்குங்கள், வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று வருடத் தாக்கலைக் கேட்கும்.

அட்வான்ஸ் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று வரி இருக்கிறதா? இருந்தால் மறுப்புக்கான காரணத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள், கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உரிமையாளரிடம் நேரில் பேசிப் பாருங்கள். அதுவரை வேறு வங்கிகளில் வரிசையாக விண்ணப்பிக்க வேண்டாம், ஒவ்வொன்றும் சிபிலில் கடன் கேட்ட விசாரணையாகப் பதிவாகும். கடன்களை அடைத்த பிறகு என்ஓசி (பாக்கி இல்லை என்ற கடிதம்) வாங்கி, சிபில் அறிக்கையில் மூன்றும் 'க்ளோஸ்டு' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை அறிக்கை இலவசம். தவறு இருந்து புகார் கொடுத்தும் 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.