மீண்டும் ஓட்டம்: மூச்சை நம்பி வேகம் எடுக்காதீர்கள்

கேள்வி: வயது 41, எடை 92 கிலோ. பாடசாலை நாட்களில் 800 மீற்றர் ஓடியவள். பிள்ளைகள் பிறந்த பிறகு ஓட்டமே இல்லை. அண்மையில் டச்சுக்குடா மணலில் வெறுங்காலுடன் ஓடத் தொடங்கினேன். இரண்டாம் வாரத்திலேயே கெண்டைக்காலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பும் நோகின்றன. எடையைக் குறைத்துவிட்டுத்தான் ஓட வேண்டுமா? – வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: எடை குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மணலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மெத்தென்ற மணல் காலுக்கு இதம் என்று பலரும் நம்புகிறார்கள். மோதும் அதிர்ச்சியை அது குறைப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் குதிகால் புதைகிறது. அதை மேலே தூக்கும் சுமை பெரும்பாலும் கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும் விழுகிறது. அலையோர ஈரமணல் இறுக்கமானது, ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே மிதிக்க, இடுப்பும் முழங்காலும் கோணலாக உழைக்கும். உட்துறைமுக வீதி போன்ற சமதரையே உங்களுக்கு ஏற்றது. உவர்மலையிலிருந்து இறங்கும்போது ஓடாதீர்கள். இறக்கத்தில் முழங்காலுக்குச் சுமை அதிகம். நடந்தே இறங்குங்கள்.

முன்பு ஓடியவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிபெற மாதங்கள் வேண்டும். மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும் நேரத்தில் கால் அதற்குத் தயாராக இருக்காது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, முதலில் நோவு முற்றாக அடங்கட்டும். அரை மணி நேர வேகநடை வலியின்றிக் கைகூடிய பிறகு, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை. வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அடிகள் குறுகியவையாக இருக்கட்டும். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது கால் நொந்தால், அந்த வார அளவையே திரும்பச் செய்யுங்கள், கூட்டாதீர்கள். எலும்பில் விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது எலும்பு வெடிப்பாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

தொடங்குமுன் பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் இலவசமாகவே பார்க்கலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரானால் அவசியம் கேட்டுவிட்டே ஓடுங்கள். சில மருந்துகளோடு ஓடும்போது சீனி திடீரென இறங்கிவிடும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உடனே வைத்திய உதவி பெறுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு ஓடும்போது சிறுநீர் கசியும். அதை மறைத்துக்கொண்டு ஓட்டத்தையே கைவிடுபவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலும் குணம் காணலாம். வைத்தியரிடம் கூசாமல் சொல்லுங்கள்.

சப்பாத்தை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியுமுன்னரே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

ஓட்டம் மட்டும் எடையைக் குறைத்துவிடாது. உங்கள் எடையில் மூன்று கிலோமீற்றர் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 275 கலோரி. ஒரு ரோல்ஸும் சீனி போட்ட பால்தேநீரும் அதைத் திருப்பித் தந்துவிடும். இரவுச் சோற்றின் அளவையும் கவனியுங்கள். ஓடாத நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, கதிரையில் கை ஊன்றாமல் எழுந்து அமர்வது, இரண்டையும் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். மார்கழி மழையில் வெளியே போக முடியாத நாட்களிலும் இதை விடாதீர்கள்.